பென்ஷனைக் காக்க எந்த வழி: கோர்ட்டா, போராட்டமா, ஓட்டா, பேச்சா?

ஆசிரியர் சங்கத்தின் வட்டாரக் கிளை ஒன்றுக்கு நான் பொருளாளர். 'பென்ஷன் நிதி' என்று ஆளுக்கு 500 ரூபாய் வசூலித்த பணம் வங்கியில் கிடக்கிறது. பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் அதை எதற்குச் செலவழிப்பது என்ற பேச்சு வந்தால் போதும், கூட்டத்தில் டீ ஆறிப்போகும். கேஸ் போடலாம் என்கிறார் ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும் சார். பந்தல் போட்டு உட்காரலாம் என்கிறார்கள் இன்னும் சிலர். தேர்தல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கூட்டம். அமைச்சரைப் பார்த்துப் பேசுவதுதான் புத்திசாலித்தனம் என்று மாவட்டப் பொறுப்பாளர்கள். நாலு பேருமே கடந்த காலத்திலிருந்து உதாரணம் காட்டுகிறார்கள், நாலு உதாரணங்களும் பாதிதான் சரி. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. என் அப்பா 2001-இல் தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றார். பழைய பென்ஷன். நான் 2006-இல் வேலைக்கு வந்தேன். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், அதாவது சி.பி.எஸ். அப்பாவுக்கு 80 வயது முடிந்ததும் பென்ஷனில் 20 சதவீதம் கூடியது. எனக்கு 80 வயதில் என்ன வரும் என்று அவர் ஒருமுறை கேட்டார். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன்.

எதைக் காக்கிறோம்?

கடைசி அடிப்படை ஊதியம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய திட்டத்தில் முழுப் பணிக்காலம் முடித்தவருக்கு மாதம் 40,000, அதற்கு மேல் அகவிலைப்படி. சம்பளத்தில் இதற்கென்று ஒரு காசு பிடித்தம் கிடையாது.

அதே ஊதியத்தில் மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.-இல் இருப்பவர், அதாவது 2004 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பணியில் சேர்ந்தவர், மாதாமாதம் அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் கட்டுகிறார். அரசு முதலில் 10 சதவீதம் போட்டது, 2019 ஏப்ரலில் இருந்து 14. ஓய்வு பெறும்போது 60 லட்சம் சேர்ந்திருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். அதில் குறைந்தது 40 சதவீதத்துக்கு, அதாவது 24 லட்சத்துக்கு, ஆன்னுயிட்டி வாங்கியாக வேண்டும் (பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுத்து, ஆயுள் முழுக்க மாதத் தொகை வாங்கும் ஏற்பாடு). வருடத்துக்கு 6.5 சதவீதம் கிடைத்தால் மாதம் 13,000 ரூபாய். மீதி 36 லட்சம் கையில். 60 லட்சத்தையும் ஆன்னுயிட்டியில் போட்டாலும் மாதம் 32,500-தான்.

"அதான் 36 லட்சம் கையில வருதே சார்" என்பார்கள். வருகிறதுதான். மகள் கல்யாணத்துக்கும் வீட்டுக்கடன் பாக்கிக்கும் ஆகிறதுதான். ஆனால் அந்த 13,000 ரூபாய் 85 வயதிலும் 13,000 ரூபாயாகவே நிற்கும். பழைய பென்ஷனில் முக்கியமான விஷயம் 50 சதவீதம் இல்லை, அகவிலைப்படிதான். விலைவாசி ஏறும் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பதுதான் இந்தத் திட்டங்களுக்குள் இருக்கும் உண்மையான வித்தியாசம். சம்பளக் கமிஷன் சண்டையில் பழகிய நம் ஆட்கள்கூட இதைச் சட்டென்று கவனிப்பதில்லை. சதவீதத்தையே பிடித்துத் தொங்குகிறார்கள்.

தமிழ்நாட்டுக் கதை இன்னும் மோசம். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்த எங்களுக்கு சி.பி.எஸ். வந்தது. மத்திய அரசின் என்.பி.எஸ்.-இல் தமிழ்நாடு சேரவில்லை. பிடித்த பணத்தையும் அரசு போட்ட பங்கையும் வட்டியோடு சேர்த்து ஓய்வின்போது மொத்தமாகக் கொடுத்து அனுப்பினார்கள். மாதப் பென்ஷன் என்று ஒன்றுமே இல்லை. பெயரில் 'ஓய்வூதியம்' என்ற சொல் மட்டும் இருந்தது. அரசின் பங்கும் 10 சதவீதத்திலேயே நின்றுவிட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த வலைக்குள் வந்தோம்.

கடைசியாக இரண்டு நடுவழித் திட்டங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமான யு.பி.எஸ்., 2026 ஜனவரி 3 அன்று தமிழ்நாடு அரசு அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம், சுருக்கமாக டாப்ஸ். இரண்டிலும் ஊழியர் 10 சதவீதம் கட்ட வேண்டும். இரண்டிலும் 50 சதவீத உறுதியும், விலைவாசிக்கு ஏற்ற உயர்வும், 60 சதவீதக் குடும்ப ஓய்வூதியமும் உண்டு. ஆக, அகவிலைப்படி திரும்பி வந்துவிட்டது, பிடித்தம் மட்டும் போகவில்லை. இது வெற்றியா தோல்வியா என்று எங்கள் கிளையில் இன்னும் தீரவில்லை. என்னைக் கேட்டால் முக்கால் வெற்றி. அந்த முக்கால் எப்படி வந்தது, அது நிலைக்குமா என்பதுதான் கேள்வி.

கோர்ட்

முதலில் கேஸ் போடும் வழி. இதற்கு ஒரு பெருமை மிக்க வரலாறு உண்டு. 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் பென்ஷன் என்பது அரசு மனமிரங்கிக் கொடுக்கும் தர்மம் அல்ல, ஊழியரின் உரிமை, சொத்து என்றது. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்குத் தீர்ப்பு. 1979 மார்ச் 31-க்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் நல்ல கணக்கு, முன்னால் போனவர்களுக்குப் பழைய கணக்கு என்று அரசு கோடு கிழித்திருந்தது. ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் கோட்டை அழித்தது. அந்தத் தேதியைத்தான் இன்றைக்கும் நாடு முழுக்க ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். டிசம்பர் 17 என்றால் அப்பா காலையிலேயே வெள்ளை வேட்டி எடுத்து வைத்துவிடுவார்.

ஆனால் அந்தத் தீர்ப்புகளுக்கு நடுவிலேயே ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. 1978-இன் 44-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்து 300ஏ பிரிவில் வைத்தது. சட்டத்தின் துணையில்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. 2013-இல் ஜார்க்கண்ட் அரசுக்கு எதிரான ஜிதேந்திர குமார் ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பென்ஷனுக்குப் பொருத்தியது. வெறும் நிர்வாக உத்தரவை வைத்துக்கொண்டு பென்ஷனை நிறுத்த முடியாது என்றது. நமக்குச் சாதகமான தீர்ப்புதான். ஆனால் வக்கீல் கண்ணோடு திருப்பிப் படித்துப் பாருங்கள். சட்டம் இருந்தால்?

அந்தக் 'சட்டம் இருந்தால்' 2025-இல் வந்தது. 2006-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் பின் வந்தவர்களுக்கு இணையாகப் பென்ஷன் தர வேண்டும் என்ற நீண்ட சண்டையில் 2024-இல் தில்லி உயர் நீதிமன்றம் ஓய்வூதியர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அடுத்த மார்ச்சில் நிதிச் சட்டம் 2025-இன் நான்காம் பாகமாக ஒரு பகுதி நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஓய்வூதியர்களை வகை பிரிக்கவும், ஓய்வு பெற்ற தேதியை வைத்து வேறுபடுத்தவும் மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு, அந்த அதிகாரம் எப்போதுமே இருந்ததாகக் கருத வேண்டும் என்று முன்தேதியிட்டு எழுதிவிட்டார்கள். இப்போதைய பென்ஷனில் எந்த மாற்றமும் வராது என்று நிதி அமைச்சர் மாநிலங்களவையில் விளக்கம் சொன்னார். இருக்கலாம். ஆனால் 1982-இல் கோர்ட் அழித்த கோட்டை மறுபடி கிழிக்கும் சாக்பீஸ் இப்போது அரசின் கையில். அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் ஒப்புதல் பெற்ற எட்டாவது ஊதியக்குழுவின் ஆய்வு வரம்பில், பங்களிப்பு இல்லாத பென்ஷன் திட்டங்களுக்கு ஆகும், நிதி ஒதுக்கி வைக்கப்படாத செலவு என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. பங்களிப்பு இல்லாத பென்ஷன் என்றால் அப்பா தலைமுறையின் பென்ஷன்தான். ஓய்வூதியர் சங்கங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் கோர்ட் வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. சின்னச் சின்ன இடங்களில் கோர்ட்தான் வேலை செய்திருக்கிறது. என்.பி.எஸ். அறிவிப்பாணை வந்த 2003 டிசம்பர் 22-க்கு முன்பே விளம்பரம் செய்யப்பட்ட பணியிடங்களில் தாமதமாகச் சேர்ந்தவர்கள், "எங்கள் தவறு என்ன?" என்று கோர்ட் கோர்ட்டாக ஏறினார்கள். தொடர்ந்து ஜெயித்தார்கள். முடிவில் 2023 மார்ச் 3 அன்று மத்திய அரசே உத்தரவு போட்டு, பழைய பென்ஷனுக்கு மாற அவர்களுக்கு ஒரு முறை வாய்ப்புக் கொடுத்தது. தேதி, விளம்பரம், நியமன ஆணை என்று கையில் காகிதம் இருக்கும் குறிப்பிட்ட ஒரு கூட்டத்துக்குக் கோர்ட் நல்ல வழி. ஒரு திட்டத்தையே மாற்று என்று கேட்டுப் போனால், அது அரசின் கொள்கை முடிவு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு 500 ரூபாய் வசூல் வக்கீல் பீஸுக்கே போதாது.

போராட்டம்

2003 ஜூலை. அப்போது நான் வேலைக்கு வரவில்லை, பி.எட். முடித்துவிட்டு எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்து வைத்திருந்த காலம். பென்ஷன் பலன்கள் உள்ளிட்ட சலுகைகளில் ஜெயலலிதா அரசு கை வைத்ததை எதிர்த்து ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் டெஸ்மா சட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. அதைக் கூர்தீட்ட அவசரச் சட்டம் ஒன்று வந்தது. ராத்திரியோடு ராத்திரியாகக் கைது. ஏறக்குறைய 1,70,000 பேர் டிஸ்மிஸ். எங்கள் தெருவில் இருந்த கணக்கு வாத்தியார் இரண்டு நாள் வயல் மோட்டார் ரூமில் படுத்திருந்தார் என்று இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பெரும்பாலானவர்களை மறுபடி வேலையில் சேர்க்க வழி பிறந்தது. ஆனால் டி.கே. ரங்கராஜன் வழக்கின் தீர்ப்பு அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்டப்படியான உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொல்லிவிட்டது. தீர்ப்பின் தேதி 2003 ஆகஸ்ட் 6.

இந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு சி.பி.எஸ்.-தான் என்று சொல்லும் நிதித் துறை அரசாணை எண் 259-இன் தேதியும் 2003 ஆகஸ்ட் 6-தான்.

இதை முதலில் கவனித்த நாளில் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. எல்லோரும் தில்லியைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில், வேலை திரும்பக் கிடைக்குமா என்று சாமிக்கு நேர்ந்துகொண்டிருந்த நாளில், கோட்டையில் ஒரு ஆணை கையெழுத்தாகியிருக்கிறது. அன்றைக்கு அதை எதிர்த்துக் கத்த ஆளில்லை. ஏனென்றால் அந்த ஆணை அன்றைக்கு வேலையில் இருந்த பழையவர்கள் யாருடைய தலையிலும் விழவில்லை. விழப்போகிறவர்கள் என்னைப் போல எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் கார்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. அணி தோற்றது. முடிவு வந்த சில நாட்களிலேயே அரசு பல முடிவுகளைத் திரும்பப் பெற்றது, ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளும் அதில் அடக்கம். போராட்டமும் ஓட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேடை தோறும் இந்த உதாரணத்தைச் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று: அரசாணை 259 திரும்பப் பெறப்படவில்லை. 2006-இல் ஆட்சி மாறியது, 2011-இல் மாறியது, அரசாணை இருந்த இடத்தில் இருந்தது. இருப்பவர்களின் உரிமையைப் போராட்டம் மீட்டது. வரப்போகிறவர்களின் உரிமை போனதைப் பற்றிப் பேசப் பல வருடம் ஆனது.

அந்தப் பேச்சு பெரிதாக வெடித்தது 2019 ஜனவரியில். 22-ஆம் தேதி தொடங்கி 30-ஆம் தேதி வரை ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம். இந்த முறை சி.பி.எஸ். ஒழிப்பு முதல் வரிசைக் கோரிக்கை. நானும் போனேன். கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள், சாயங்காலம் விட்டார்கள். பிறகு சஸ்பெண்ட், இடமாறுதல், பொதுத்தேர்வு நெருங்குகிறதே என்று பெற்றோர் முகச்சுளிப்பு. பென்ஷன் கோரிக்கை நிறைவேறாமலே பள்ளிக்குத் திரும்பினோம். எங்கள் பள்ளியில் சம்பள வெட்டு விழுந்த மாதத்தில் ஒரு டீச்சர் நகையை அடகு வைத்தது எனக்குத் தெரியும். போராட்டத்தின் செலவு யார் கணக்கில் விழுகிறது என்பதையும் எழுதாமல் ஒப்பீடு செய்ய முடியாது.

ஓட்டு

இது மலிவான வழி போலத் தெரியும். இமாச்சலப் பிரதேசத்தைக் காட்டுவார்கள். 2022 இறுதியில் நடந்த தேர்தலில் பழைய பென்ஷன்தான் காங்கிரஸின் பெரிய வாக்குறுதி. 68-இல் 40 இடம் பிடித்தது. 2023 ஏப்ரல் முதல் பழைய திட்டம் திரும்பியது. அதற்கு முன்பே ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப் அறிவித்திருந்தன. ஆனால் அறிவித்த கட்சியே ராஜஸ்தானிலும் சத்தீஸ்கரிலும் 2023 டிசம்பரில் தோற்றது. பென்ஷன் ஒன்றே ஓட்டைக் கொண்டுவந்து கொட்டிவிடாது என்பதை எல்லாக் கட்சிகளும் அப்போதே குறித்துக்கொண்டிருக்கும். இமாச்சலத்தில் 2024 செப்டம்பரில் சம்பளம் 1-ஆம் தேதி வராமல் 5-ஆம் தேதிக்கும், பென்ஷன் 10-ஆம் தேதிக்கும் தள்ளிப் போனது. அதற்குப் பழைய பென்ஷன் மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயம் இல்லை. அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கிறது.

ஆனால் அந்த 'இன்னும் காலம் இருக்கிறது' என்பதில்தான் சூட்சுமமே. பழைய திட்டத்துக்குத் திரும்புகிற அரசு, தன் பங்காக மாதாமாதம் போட்டு வந்த 10 அல்லது 14 சதவீதத்தை உடனே நிறுத்திவிடலாம். இன்றைக்கு மிச்சம். செலவு வரப்போவது 2004-க்குப் பின் சேர்ந்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஓய்வு பெறும் காலத்தில். அன்றைக்கு முதலமைச்சர் வேறொருவர். வாக்குறுதி தருகிறவருக்கு லாபம், காப்பாற்றப் போகிறவருக்குப் பாரம். பழைய திட்டத்துக்கே எல்லா மாநிலங்களும் திரும்பினால் மொத்தச் சுமை என்.பி.எஸ்.-ஐப் போல 4.5 மடங்கு வரை போகலாம் என்று ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் இதழில் ஒரு கட்டுரை கணக்குப் போட்டது. அந்தக் கணக்கோடு எனக்குச் சில சண்டைகள் உண்டு. ஆனால் பணம் எங்கே என்று கேட்டால் 'அரசு பார்த்துக்கொள்ளும்' என்று மட்டும் சொல்கிற சங்கத்துக்காரரை இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். எதிர்காலத்தில் கை வைக்கப்போகும் அரசும் இந்தக் கணக்கைத்தான் தூக்கிக் காட்டும்.

தமிழ்நாட்டில் 2021 தேர்தலில் தி.மு.க. பழைய பென்ஷன் வாக்குறுதி கொடுத்தது. ஆட்சிக்கு வந்தது. நான்கு வருடம் ஓடியது. 2025 பிப்ரவரியில் குழு. 2026 ஜனவரியில், அடுத்த தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, டாப்ஸ். ஓட்டு வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது முதல் வருடத்தில் வேலை செய்யவில்லை, ஐந்தாம் வருடத்தில்தான் செய்தது. அதுவும் தெருவில் இன்னொரு காலவரையற்ற வேலைநிறுத்த அறிவிப்பு நின்றுகொண்டிருந்ததால்.

பேச்சு

இதைப் பற்றி நம் ஆட்களுக்கு இளக்காரம் அதிகம். 'குழு போட்டால் கோவிந்தா' என்று ஒரு பேச்சு உண்டு. காரணம் இருக்கிறது. 2016-இல் சாந்தா ஷீலா நாயர் தலைமையில் வல்லுநர் குழு, பிறகு டி.எஸ். ஸ்ரீதர் பொறுப்பில், 2018 நவம்பரில் அறிக்கை அரசின் கைக்குப் போனது. அதற்கு அடுத்த ஜனவரியில்தான் நாங்கள் கல்யாண மண்டபத்தில் இருந்தோம். பிறகு ககன்தீப் சிங் பேடி தலைமையில் இன்னொரு குழு.

ஆனால் நடுவழித் திட்டங்கள் இரண்டும் குழு வழியாகத்தான் வந்தன. மத்திய அரசில் அப்போதைய நிதிச் செயலர் டி.வி. சோமநாதன் தலைமையிலான குழு ஊழியர் தரப்போடு பல சுற்றுப் பேசியது. 2024 ஆகஸ்ட் 24 அன்று அமைச்சரவை யு.பி.எஸ்.-க்கு ஒப்புதல் கொடுத்தது. அரசின் பங்கு 18.5 சதவீதமாகக் கூடியது. 20 வருடமாக 'சந்தைதான் பதில்' என்று சொன்ன அரசு, உறுதியான தொகைக்கு வந்தது சாதாரண விஷயம் இல்லை.

பேச்சில் வருவது பொடி எழுத்தில் போகும் என்பதற்கும் யு.பி.எஸ்.-தான் உதாரணம். முழு 50 சதவீதத்துக்கு 25 வருடப் பணி வேண்டும். கணக்கு, கடைசி 12 மாத அடிப்படை ஊதியத்தின் சராசரிக்குத்தான். 10 வருடம் முடித்தவருக்குக் குறைந்தது 10,000 ரூபாய் உண்டு, 10 வருடத்துக்குள் போனால் உறுதி இல்லை. 25 வருடம் முடித்து விருப்ப ஓய்வில் போனால் மாதத் தொகை உடனே தொடங்காது, வயதானால் எந்தத் தேதியில் ஓய்வு பெற்றிருப்பாரோ அன்றுதான் தொடங்கும். குடும்ப ஓய்வூதியம் கணவன் அல்லது மனைவிக்கு மட்டும். பழைய திட்டத்தில் சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் உரிமை இருந்தது, மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ள வீட்டில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நான் சொல்லத் தேவையில்லை. இருவரும் போன பிறகு சேர்ந்த தொகை வாரிசுக்கு வராது. என்.பி.எஸ்.-இல், போட்ட அசல் திரும்பக் கிடைக்கும் வகை ஆன்னுயிட்டி வாங்கியவர் வீட்டில் வரும். யு.பி.எஸ்.-க்கு மாறக் கொடுத்த கெடு 2025 ஜூன் 30, பிறகு செப்டம்பர் 30, பிறகு நவம்பர் 30 என்று நீண்டதே, ஊழியர்கள் எவ்வளவு யோசித்தார்கள் என்பதற்கு அடையாளம்.

டாப்ஸ் அறிவிப்பில், கடைசியாக வாங்கிய அடிப்படை ஊதியத்தில் 50 சதவீதம், 25 லட்சம் வரை பணிக்கொடை, தகுதிப் பணிக்காலம் முடிக்காதவருக்கும் குறைந்தபட்ச ஓய்வூதியம், சி.பி.எஸ்.-இல் ஏற்கெனவே வெறுங்கையோடு ஓய்வு பெற்றவர்களுக்குச் சிறப்புக் கருணை ஓய்வூதியம் என்று சொன்னார்கள். ஓய்வூதிய நிதியத்துக்கு ஒருமுறையாக 13,000 கோடி, பிறகு ஆண்டுதோறும் சுமார் 11,000 கோடி என்று தொகையும் சொன்னார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசி வரிதான். 50 சதவீதம் என்பதை யாரும் சொல்லலாம். எந்தக் கணக்கில் எவ்வளவு போடுவார்கள் என்று சொல்லும்போதுதான் நாளைக்கு வரும் அரசால் எளிதாகக் கை வைக்க முடியாமல் போகும்.

எங்கள் 500 ரூபாய்

ஓய்வூதியரும், நானும், போன வருடம் சேர்ந்த இடைநிலை ஆசிரியையும் ஒரே சங்கத்தில் இருக்கிறோம் என்பதால் ஒரே வழி எங்களுக்குப் பொருந்தும் என்று நினைத்ததுதான் எங்கள் குழப்பத்துக்கு வேர் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா தலைமுறைக்குக் கோர்ட்தான் கேடயம். அவர்களிடம் வேலைநிறுத்தம் செய்ய வேலையே இல்லை. 82 வயதில் மறியலுக்குக் கூப்பிட முடியாது. மத்தியச் சட்டத்தின் நான்காம் பாகத்தைப் போல ஒன்றை எந்த மாநிலமாவது எடுத்து வந்தால், அதை முதல் வாரத்திலேயே எதிர்க்க வேண்டியவர்கள் அவர்களின் சங்கங்கள், பின்னால் நிற்க வேண்டியது நாங்கள்.

என்னைப் போன்ற நடுவில் மாட்டியவர்களுக்குப் பேச்சுதான், ஆனால் எழுத்தோடு முடியும் பேச்சு. டாப்ஸ் அரசாணையாக இருப்பது போதாது. அரசாணை 259 எப்படி ஒரு நாளில் வந்ததோ அப்படியே இன்னொன்றும் வரலாம். அதைச் சட்டமன்றத்தில் சட்டமாக்கு, ஆண்டு ஒதுக்கீட்டை அதில் எழுது என்று கேட்க வேண்டும். சட்டத்தையும் இன்னொரு சட்டத்தால் மாற்றலாம் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மாற்றலாம். ஆனால் சட்டமன்றத்தில் பேசித்தான் மாற்ற வேண்டும், பேப்பரில் வரும், நமக்குத் தெரியும். ஆந்திரா 2023-இல் தன் உறுதி ஓய்வூதியத்தைச் சட்டமாகவே போட்டது. முடியாத காரியம் இல்லை.

வேலைநிறுத்தத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். வேண்டாம் என்பதற்காக இல்லை. 2003-ஐயும் 2019-ஐயும் பார்த்தால் போராட்டம் தனியாக ஜெயித்ததில்லை, ஆனால் அது வாசலில் நிற்காத காலத்தில் பேச்சும் நகர்ந்ததில்லை. மாதாமாதம் எடுத்துக் காட்டினால் அதன் மதிப்புப் போய்விடும்.

போன வருடம் சேர்ந்த ஆசிரியை கூட்டத்தில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் ஓய்வு பெறுவது 2060-ஐ ஒட்டி. அவரை எழுப்பி என்ன நினைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. 2003-இல் செய்த அதே தவறு. அடுத்த செயற்குழுவில் ஐந்து வருடத்துக்குள் சேர்ந்தவர்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கச் சொல்லித் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன்.

நிதியைப் பொறுத்தவரை நான் முன்வைக்கப் போவது இதுதான். பாதியை வழக்குக்கென்று வங்கியிலேயே விட்டுவைப்பது. மீதியில் ஒரு சனிக்கிழமை முகாம்: எல்லோரும் சேர்ந்த நாளிலிருந்து பே ஸ்லிப்பையும் ஆண்டுக் கணக்குச் சீட்டையும் எடுத்து வர வேண்டும், மாதம் மாதமாக ஒப்பிட வேண்டும். 2009-இல் ஒன்றியம் மாறியபோது எனக்குப் பிடித்த மூன்று மாதப் பணம் கணக்கில் ஏறவே இல்லை. அது தெரிய எனக்கு ஐந்து வருடம் ஆனது, சரிசெய்ய இன்னொரு வருடம். யு.பி.எஸ்.-இல் கணக்கில் சேர வேண்டிய தொகை குறைந்தால் மாதத் தொகையும் அந்த அளவுக்குக் குறையும் என்று விதியே இருக்கிறது. இங்கேயும் நாளைக்கு அப்படி ஒரு வரி வந்தால், கையில் சீட்டு இருக்கிறவர்தான் பேச முடியும். பிரின்ட் எடுக்க ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய் ஆகும். 20 வருடத்துக்கு 240 பக்கம், 480 ரூபாய். ஆளுக்கு 500-இல் பாதி 250 நிதியிலிருந்து, மீதி 230 அவரவர் பையிலிருந்து.